இரண்டு ஊரில் ஓட்டு, இரண்டு பிறந்த தேதி: எனக்கு பாஸ்போர்ட் கிடைக்குமா?

கடலூர் – புதுச்சேரி எல்லையோரத்திலிருந்து ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது நாற்பத்தேழு. பிறந்ததும் எட்டாம் வகுப்பு வரை படித்ததும் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் கொம்யூனில் (உள்ளாட்சிப் பகுதி). கல்யாணமாகிப் போனது ரெட்டிச்சாவடிப் பக்கம், அதாவது தமிழ்நாடு, கடலூர் வட்டம். கணவருடன் ஒத்துவராமல் எட்டு வருடமாகத் தாய் வீட்டில் இருக்கிறார். விவாகரத்து ஆகவில்லை, ஜீவனாம்சம் கேட்டு கடலூர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். ஒரே மகள் துபாயில். ஐந்து மாதத்தில் பிரசவம். பக்கத்தில் இருக்க அம்மா போக வேண்டும், ஆனால் பாஸ்போர்ட் இல்லை.

ஆதாரும் ரேஷன் அட்டையும் கடலூர் முகவரியில் இருக்கின்றன. ஓட்டு இரண்டு இடத்திலும் இருக்கிறது. கடலூரில் கல்யாணமான புதிதில் சேர்த்தது, கணவர் பெயருடன். பாகூரில் 2019இல் தெரிந்த கட்சிக்காரர் ஒருவர் படிவத்தை நிரப்பிக் கொடுக்க, இவர் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்; அதில் அப்பா பெயர். டி.சி.யில் பிறந்த தேதி 12.6.1978, பாகூர் வாக்காளர் அட்டையிலும் அதுவே. ஆதாரில் மட்டும் 1.1.1975. பிறப்புச் சான்றிதழ் இல்லை.

ஓர் ஏஜென்ட் பன்னிரண்டாயிரம் பேசி, நாலாயிரம் முன்பணமும் அசல் டி.சி.யும் வாங்கி வைத்திருக்கிறார். அவர் சொன்ன யோசனைகள் இவை: கடலூர் முகவரியையே போடுங்கள், ஆதாரில் உள்ள தேதியையே போட்டால் ஐம்பது தாண்டிவிடும், பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு) முத்திரை விழாது, பெயரை ஒற்றைப் பெயராகக் கொடுத்தால் அப்பா பெயரா கணவர் பெயரா என்ற தகராறே வராது.

கூடவே உறவினர்கள் சொன்ன பயங்களும் கடிதத்தில் இருக்கின்றன. கணவர் கையெழுத்து இல்லாமல் நடக்காதாம். கோர்ட்டில் வழக்கு இருந்தால் கிடைக்காதாம். ஒரு ஊரில் ஓட்டை நீக்கினால் குடியுரிமைக்கே ஆபத்தாம். கடலூரில் இவர் பெயரில் ஒரு மனை இருக்கிறது. அங்கே ஓட்டு போய்விட்டால் மனையும் கைவிட்டுப் போகுமாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு பாஸ்போர்ட் கிடைப்பதில் சட்டப்படி பெரிய தடை எதுவும் இல்லை. கையில் இருக்கும் காகிதங்கள் நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கெடுக்கப் பார்ப்பது அந்த ஏஜென்ட்டின் யோசனைதான்.

பாஸ்போர்ட், ஓட்டு, ரேஷன், ஆதார் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தால்தான் அரசாங்கம் நம்பும் என்று நினைத்துக் குழம்பியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு சட்டத்தின் கீழ், வேறு வேறு கேள்விக்குப் பதிலாகக் கொடுக்கப்படுவது. எல்லாம் பொருந்தியிருந்தால் சௌகரியம், அவ்வளவுதான். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள், எப்போது பிறந்தீர்கள், உங்கள் பெயர் என்ன என்ற மூன்று கேள்விக்கும் உண்மையான பதில் உங்களிடம் இருக்கிறது: பாகூர், 12.6.1978, டி.சி.யில் உள்ள பெயர். இனி எந்தப் படிவத்திலும் இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் எழுதாதீர்கள்.

இரண்டு ஊரில் ஓட்டு

கடிதத்தில் இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இது முக்கியமான வேலையாகத் தெரிகிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 17, ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பட்டியலில் இருக்கக் கூடாது என்கிறது. பாகூர் புதுச்சேரியில் இருக்கிறது, ரெட்டிச்சாவடி தமிழ்நாட்டில் இருக்கிறது, அதனால் பரவாயில்லை என்பது நம் எல்லைப் பக்கத்தில் பலரும் சொல்லும் சமாதானம். சட்டம் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. பெயர் சேர்க்கும் படிவத்தில் தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால், அதே சட்டத்தின் பிரிவு 31இன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. கட்சிக்காரர் எழுதினார் என்றாலும் கையெழுத்து உங்களுடையது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சுருக்கமாகக் கேட்கிறேன், இரண்டு இடத்தில் பெயர் இருந்து உங்களுக்கு என்ன லாபம்? 2021 சட்டமன்றத் தேர்தலிலும் 2024 மக்களவைத் தேர்தலிலும் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே நாளில்தான் வாக்குப்பதிவு. விரலில் ஒரு மைதான். அப்படியே வேறு வேறு நாளில் தேர்தல் வந்தாலும் இரண்டு இடத்தில் போடுவது குற்றமாகுமே தவிர உரிமையாகாது.

2025 நவம்பரில் இரண்டு பக்கமும் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது பாகூரில் நீங்கள் படிவம் கொடுத்ததாகவும், கடலூர் வீட்டில் உங்கள் மாமியார் உங்களுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திருத்தத்தில் தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலிலிருந்து மட்டும் தொண்ணூறு லட்சத்துக்கு மேல் பெயர்கள் போயின. அதனால் ‘கையில் அட்டை இருக்கிறதே’ என்று இருந்துவிடாதீர்கள். அட்டை ஓட்டுரிமை தராது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. 1950 என்ற இலவச எண்ணிலோ தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ, உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ இரண்டு ஊர்ப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

இங்கே வரிசை முக்கியம். பாகூரில் பெயர் இருப்பது உறுதியான பிறகு, கடலூர்ப் பெயரை நீக்கச் சொல்லி படிவம் 7 கொடுங்கள். ஒருவேளை பாகூரில்தான் பெயர் போயிருக்கிறது, கடலூரில் இருக்கிறது என்றால் படிவம் 7 வேண்டாம். குடிபெயர்ந்ததற்கான படிவம் 8 கொடுத்தால் போதும், பழைய பதிவை அவர்களே எடுப்பார்கள். இரண்டிலும் இல்லை என்றால் பாகூரில் புதிதாகப் படிவம் 6. எதற்கும் கட்டணம் இல்லை. ஒப்புகை எண்ணை மட்டும் மறக்காமல் எழுதி வையுங்கள். தானாக முன்வந்து நீக்கக் கேட்டவர் மீது வழக்குப் போட்டதை என் தொழிலில் நான் பார்த்ததில்லை. அதற்காக அது நடக்கவே நடக்காது என்று கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன். கண்டுபிடிக்கப்படும் வரை காத்திருப்பதைவிட இது பாதுகாப்பு என்று சொல்வேன்.

குடியுரிமைப் பயத்தை விடுங்கள். படிவம் 7இல் காரணம் எழுதும் இடம் இருக்கிறது. ‘வேறு தொகுதியில் பதிவாகியுள்ளேன்’ என்பது உங்கள் காரணம். அது குடியுரிமையைத் தொடாது. மனை விஷயமும் அப்படித்தான். உங்கள் சொத்தைக் காப்பது பதிவு செய்த பத்திரமும் பட்டாவும் வில்லங்கச் சான்றும். ஓட்டு இருப்பதால் சொத்து நிற்பதில்லை. சொத்து இருப்பதால் ஓட்டும் வராது. ஓரிடத்தில் வீடு வைத்திருப்பதாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்று அதே 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 20 வெளிப்படையாகவே சொல்கிறது.

கடலூர் ரேஷன் அட்டையில் வரும் மகளிர் உரிமைத் தொகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் அது ஓடுகிறது என்று தோன்றுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயரை எடுப்பதால் ரேஷன் அட்டை தானாக ரத்தாகாது. ஆனால் எட்டு வருடமாகப் புதுச்சேரியில் இருந்துகொண்டு தமிழ்நாட்டு அட்டையில் பெயர் வைத்திருப்பதும் சரியில்லை. இன்றைக்கே ஓட வேண்டியதில்லை. பயணம் முடிந்து வந்ததும் அதையும் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

எந்தத் தேதி உங்கள் தேதி?

ஆதாரில் ஜனவரி 1 என்று இருப்பவர்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். முகாமில் ஆவணம் கேட்காமல் வயதை மட்டும் கேட்டு, ஆண்டைக் கணக்குப் போட்டுப் பதிந்த தேதி அது. அதைப் போய் ‘அரசாங்கம் கொடுத்த தேதி’ என்று நினைத்து உங்கள் டி.சி.யைச் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். உண்மையில் டி.சி.தான் வலுவானது. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில், வயதை முடிவு செய்ய ஆதாரைவிடப் பள்ளிச் சான்றையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். 2025இல் திருத்திய பாஸ்போர்ட் விதிகளின்படி, பிறப்புச் சான்று மட்டுமே ஏற்கப்படும் என்ற கட்டாயம் 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான். உங்கள் தலைமுறைக்கு, கடைசியாகப் படித்த பள்ளி கொடுத்த, பிறந்த தேதி உள்ள மாற்றுச் சான்றிதழ் போதும். எட்டாம் வகுப்பு டி.சி. என்றால் மதிப்புக் குறைவு என்பது இல்லை. இப்போது போய் கொம்யூன் பஞ்சாயத்தில் பழைய பதிவேட்டைத் தேடி, தாமதப் பதிவுக்கு உத்தரவு வாங்கி என்று இறங்கினால் பேரன் நடக்கப் பழகியிருப்பான்.

ஆகவே பிறந்த தேதிக்கு டி.சி., முகவரிக்கு பாகூர் வாக்காளர் அட்டை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கவுன்டரில் ஆதாரைக் கேட்டு, தேதி ஏன் மாறுகிறது என்று கேட்டால் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். கூடுதல் ஆவணம் கொண்டு வரச் சொல்லி விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அதை நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிலை வரலாம் என்று எண்ணி, இப்போதே பள்ளிக்குப் போய் சேர்க்கைப் பதிவேட்டின் நகலைத் தலைமையாசிரியர் கையெழுத்துடன் கேட்டு வாங்கி வையுங்கள்.

இடையில் ஆதாரில் முகவரியை மட்டும் பாகூருக்கு மாற்றிவிடுங்கள். வங்கிப் புத்தகம் காட்டியும் மாற்றலாம், உங்கள் அம்மாவைக் குடும்பத் தலைவராக வைத்து அவர் சம்மதத்துடனும் மாற்றலாம். மையத்தில் கட்டணம் 75 ரூபாய். பிறந்த தேதியை இப்போது தொட வேண்டாம். அதைப் பொதுவாக ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள். பாஸ்போர்ட் வந்த பிறகு அதையே ஆவணமாகக் காட்டித் திருத்துவது சுலபம்.

இனி ஏஜென்ட் சொன்ன ஈ.சி.ஆர். விஷயம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு அந்தக் குறிப்போடுதான் பாஸ்போர்ட் வரும் என்பதும், ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அது கிடையாது என்பதும் சரிதான். ஆனால் அந்தக் குறிப்பு, அமீரகம் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. நீங்கள் மகளைப் பார்க்க விசிட் விசாவில் போகிறீர்கள். உங்களுக்குக் குடியேற்ற அனுமதி தேவையே இல்லை. திரும்பி வரும் டிக்கெட்டும் மகளின் விசா நகலும் கையில் இருந்தால் விமான நிலையத்தில் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். இல்லாத ஒரு பிரச்சினைக்காக, தெரிந்தே மூன்று வயது கூட்டிப் போடச் சொல்கிறார் அவர். பாஸ்போர்ட் சட்டம், பிரிவு 12இல் பொய்த் தகவலுக்கு இரண்டாண்டு வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பாஸ்போர்ட்டையும் பறிமுதல் செய்யலாம்.

பெயர், கணவர், வழக்கு

ஒற்றைப் பெயர் யோசனை இன்னும் மோசம். அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசா கிடையாது என்று அறிவித்தது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னால் தளர்த்தினார்கள், ஆனாலும் அந்தத் தலைவலியை நீங்களாக ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? பாஸ்போர்ட் படிவத்தில் இனிஷியல் எழுத முடியாது. உங்கள் பெயரை முதல் கட்டத்திலும், இனிஷியலை விரித்து அப்பாவின் முழுப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் எழுதுங்கள். கணவர் பெயரை உங்கள் பெயரோடு சேர்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இதில் புதுச்சேரிக்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. உங்கள் டி.சி.யில் அப்பா பெயர் ஆங்கிலத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பாணியில் இருக்கிறது. ‘சாமி’யில் இரண்டு எஸ், ‘மு’வுக்கு எம்.ஓ.யு. கடலூரில் எடுத்த ஆவணங்களில் வேறு மாதிரி இருக்கும். எதைப் போடுவது? டி.சி.யில் உள்ளதை, எழுத்துக்கு எழுத்து அப்படியே. பாகூர் வாக்காளர் அட்டையில் ஒரு எழுத்து மாறியிருந்தால் முதலில் படிவம் 8 கொடுத்துத் திருத்திவிடுங்கள். முகவரிச் சான்றாக அதைத்தானே நீட்டப் போகிறீர்கள். நோட்டரியிடம் ‘இரண்டு பெயரும் ஒருவரே’ என்று வாங்கும் உறுதிமொழிப் பத்திரத்தை ஒரு துணையாக வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பிப் போகாதீர்கள். அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடும் அளவுக்கு இது பெரிய விஷயமும் இல்லை.

கணவர் கையெழுத்து தேவையில்லை. மனைவி பாஸ்போர்ட் கேட்க கணவரின் அனுமதியையோ கையெழுத்தையோ வற்புறுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் தெளிவாகவே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பெண்ணைக் கணவரின் உடைமையாகப் பார்க்கும் மனப்போக்கு என்று கண்டித்தும் இருக்கிறது. யாராவது கவுன்டரில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். திருமணச் சான்றும் கட்டாயமில்லை. அந்த நிபந்தனையை 2016 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்காகத் திருமணமாகாதவர் என்று எழுதிவிடாதீர்கள். பிரிந்து வாழ்பவர் என்று குறிக்க படிவத்திலேயே இடம் இருக்கிறது. அது உண்மை, அதையே குறியுங்கள்.

வழக்கு பற்றி: படிவம் கேட்பது, உங்கள் மீது குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா என்று. நீங்கள் ஜீவனாம்சம் கேட்டுப் போட்ட வழக்கு அதில் சேராது. ‘இல்லை’ என்று எழுதுவது பொய் அல்ல. உங்கள் கணவர் கோபத்தில் உங்கள் மீது காவல் நிலையத்தில் ஏதாவது புகார் கொடுத்து, அது நீதிமன்றத்தில் குற்ற வழக்காக எண்ணிடப்பட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது அந்த நீதிமன்றத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். ஜீவனாம்ச வழக்கின் வாய்தா தேதி பயணத்தின் நடுவில் வந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பம், போலீஸ், ஏஜென்ட்

சாதாரண விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேற்கொண்டு 2,000. உங்களுக்குத் தட்கல் வேண்டாம் என்பது என் கருத்து. அதில் கூடுதலாக ஆவணங்கள் கேட்பார்கள், உங்கள் ஆவணங்களில்தான் தேதி மாறுகிறதே. ஐந்து மாதம் இருக்கிறது. முகவரி எதுவானாலும் நாட்டில் எந்த மையத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று 2018இலேயே மாற்றிவிட்டார்கள். ஆகவே புதுச்சேரி மையமோ கடலூர் அஞ்சலக மையமோ, எங்கே சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ அங்கே போங்கள்.

விசாரணை மட்டும் நீங்கள் எழுதும் தற்போதைய முகவரியில்தான் நடக்கும். கடலூர் முகவரியைப் போட்டிருந்தால் போலீஸ்காரர் உங்கள் கணவர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார். ‘அவங்க இங்க இல்லையே’ என்று ஒரு வார்த்தை போதும், அறிக்கை பாதகமாகப் போக. ஏஜென்ட்டுக்கு அதில் என்ன கவலை? பாகூரில் உங்களைத் தெரிந்த அக்கம்பக்கத்தார் இரண்டு பேரின் பெயரைப் படிவத்தில் கொடுத்து, அவர்களிடமும் சொல்லி வையுங்கள். விசாரணைக்கு வருபவருக்குக் காசு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் பணிவாக, கட்டணம் எல்லாம் கட்டியாகிவிட்டது என்று சொல்லுங்கள். வற்புறுத்தினால் லஞ்ச ஒழிப்புப் பிரிவுக்குப் புகார் போகலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த ஏஜென்ட்டிடம் இருந்து அசல் டி.சி.யை வாங்குங்கள். நாலாயிரம் திரும்ப வருமா என்பது அடுத்த விஷயம். பேரம் பேசிக்கொண்டு காகிதத்தை அவரிடம் விட்டு வைக்காதீர்கள். போகும்போது உடன் ஒருவரை அழைத்துப் போங்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே ஆன்லைனில் விண்ணப்பம் பதிந்துவிட்டாரா என்று கேளுங்கள். பதிந்திருந்தால் பயனர் பெயர், கடவுச்சொல், விண்ணப்ப எண் மூன்றையும் வாங்கி, அதில் என்ன முகவரி, என்ன தேதி போட்டிருக்கிறார் என்று பாருங்கள். தவறாக இருந்தால் அந்த விண்ணப்பத்தோடு மையத்துக்குப் போகவே வேண்டாம். 1800-258-1800 என்ற பாஸ்போர்ட் உதவி எண்ணில் நிலைமையைச் சொல்லி, சரியான விவரத்தோடு எப்படித் தொடர்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். டி.சி.யைத் தர மறுத்தால், அவர் கடை எந்தக் காவல் நிலைய எல்லையில் இருக்கிறதோ அங்கே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்தப் புகார் ரசீதை வைத்தே பள்ளியில் டி.சி.யின் இரண்டாம் படிக்கு விண்ணப்பிக்கலாம்.